கூட்டுச் சட்டிக்கு ஒரு டீ

ஷிம்னா முதன்முதலாக லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் சமையல் கூடத்துக்கு வந்தபோது, "அன்டி, சட்டி எல்லாத்துக்கும் ஒரு டீ போடணும்" என்றாள். நான் நல்ல சாயத்தில் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தேன். சட்டிக்கு எதற்குத் தேத்தண்ணி, பிள்ளைக்குத்தான் விடாயாக இருக்கிறது, கேட்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான், "நான் செல்லின டீ இது இல்ல அன்டி" என்றாள்.

அவள் சொன்னது ஆங்கில எழுத்து. புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டு கோண அடைப்புக்குறிக்கு நடுவில் போடும் ஒற்றை எழுத்து. அந்த எழுத்துத்தான் எங்கள் கடையைக் கவிழ்க்கப் பார்த்தது என்று சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்கள் வாயை மூடட்டும். நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

நான் கௌரி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போனால் சட்டி மூடிகள் தாளம் போடுகிற ஒரு சமையல் கூடம் நடத்துகிறேன். சமைப்பது ஹுசைன் நானா, கொட்டாஞ்சேனையிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வருகிறவர். கலியாண வீட்டில் பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுகிற சவன் சாப்பாடும் அவர் கைதான், கோயில் திருவிழா மரக்கறிச் சாப்பாடும் அவர் கைதான். ஓடர் எடுப்பது, பெட்டி கட்டி அனுப்புவது, ஆட்களோடு சண்டை பிடிப்பது எல்லாம் நான். என் வேலையில் முக்கால்வாசி வாயால் செய்வது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஷிம்னா ஹுசைன் நானாவின் ஒரே மகள். கம்பஸ் முடித்து, பம்பலப்பிட்டியில் ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை. ரிம்ஸானைக் கட்டி, எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ஃபிளட்டில் இருக்கிறாள். மெலிந்த பிள்ளை, சத்தம் வராத பிள்ளை. ஆனால் அவளோடு வாதாடி வென்றவரை நான் இன்னும் காணவில்லை. "அநேகமாக", "பார்ப்பம்", "சமாளிக்கலாம்" என்கிற சொற்கள் அவள் அகராதியில் கிடையாது. ஒரு விஷயம் தெரிந்தால் "நிச்சயம்" என்பாள். தெரியாவிட்டால் "தெரியாது" என்பாள். இரண்டையும் ஒரே குரலில் சொல்வாள். கொழும்பில் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு வாழ்வது முதலில் கஷ்டம், பிறகு பழகிவிடும்.

அவள் வருவதற்கு முன் எங்களிடம் ஒரு புரோகிராம் இருந்தது. என் தம்பியின் மகன் வினோதன் எழுதித் தந்தது. அவனும் படித்தவன்தான், கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. அவன் புரோகிராமில் எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டி. சோறும் போடலாம், மீனும் போடலாம், சவர்க்காரத்தைப் போட்டாலும் ஏனென்று கேட்காது. எடுக்கும்போது மட்டும் நீங்கள் சத்தியம் பண்ணவேண்டும், "இதற்குள் இருப்பது மரக்கறிக் கட்லட்" என்று. அதுவும் நம்பிவிடும். மீன் கட்லட்டும் மரக்கறிக் கட்லட்டும் வெளியில் பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் பூசை வைத்த ஒருவருக்கு எங்கள் பெட்டி போனது. வாயில் வைத்துக் கடித்த பிறகுதான் அது மீன் என்று தெரிந்தது. அந்த மனிசன் தொலைபேசியில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகுதான் ஹுசைன் நானா தன் மகளைப் பிடித்து வந்தார்.

"பிழை நடக்கும் அன்டி. அது எங்க புடிபடுறதெண்டதுதான் கேள்வி. வினோதன்ட புரோகிராம்ல பிழை வாய்க்குள்ள பெய்த்துத்தான் புடிபடுது. என்டதுல அடுப்படியிலயே புடிபடும்" என்றாள் ஷிம்னா.

"அதெப்பிடி?"

"பெட்டிய ஒருக்காத்தான் எழுதுற. எப்பிடி நெறக்கிற, எப்பிடி மூடுற, எப்பிடி அனுப்புறண்டு. உள்ளுக்கு என்னண்டு மட்டும் எழுதாம, ஒரு டீ போட்டு இடம் விட்டு வெக்கிற. பாவிக்கிற நேரம் அந்த இடத்தில மரக்கறிண்டு போட்டா அது மரக்கறிப் பெட்டி. மச்சமுண்டு போட்டா மச்சப் பெட்டி. புறகு மரக்கறிப் பெட்டிக்கு மீன் போடப் பார்த்தா, புரோகிராம் ஓடவே ஓடாது. செவப்புக் கோடு போட்டு நிப்பாட்டிரும்."

"அந்த டீயிலை சவர்க்காரம் எண்டு போட்டால்?"

"போடேலா. டீ என்னவாவும் ஈக்கலாம், ஆனா சாப்பாடா ஈக்கோணும் எண்டு முதல்லயே கட்டுப்படுத்தித்தான் வெச்சீக்கிறன்."

எனக்குப் பிடித்துப்போனது. இது நமது வீட்டுச் சங்கதிதானே. மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று வைத்துச் சமைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். சட்டியின் உருவம் ஒன்று, கழுவுகிற கை ஒன்று, ஆனால் மாற்றிப் புழங்கினால் வீடு இரண்டுபடும்.

வினோதன் மட்டும் லேசில் விடவில்லை. தன் புரோகிராமைத் தூக்கி எறிந்த கோபத்தில் ஒரு நாள் வந்து நின்று கேட்டான்: "மரக்கறியும் சாப்பாடுதானே ஷிம்னா? அப்ப மரக்கறிப் பெட்டியைச் சாப்பாட்டுப் பெட்டி எண்டு குடுத்தால் ஏன் உம்மட புரோகிராம் ஏற்குதில்லை? இது விசர்ச் சட்டமல்லோ?"

அவள் வாய் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். "ஏன்டா, சாப்பாட்டுப் பெட்டி எண்டு குடுத்தால் வாங்கிறவன் அதுக்குள்ள மீனைப் போடுவான். சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள மீன் போடலாம்தானே? பிறகு அது திரும்பி வரேக்குள்ள என்ன பெட்டி? உன்ர கொம்மாவின்ர மரக்கறிச் சட்டியை 'சட்டிதானே' எண்டு எடுத்து மீன் காய்ச்சிப் பார், சட்டம் விசரோ இல்லையோ எண்டு தெரியும்."

ஷிம்னா சிரித்தாள். வினோதனும் சிரித்தான், பாவம், கெட்டவன் இல்லை. அன்றிலிருந்து அவனும் தன் கொம்பனியில் இதே உதாரணத்தைத்தான் சொல்கிறானாம், என் பெயரைச் சொல்லாமல்.

புதிய புரோகிராம் ஓடத் தொடங்கியது. ஒரு பெட்டியும் மாறவில்லை. நான் தொலைபேசியில் குரலை உயர்த்தி, "எங்கட மரக்கறி மரக்கறிதான், நிச்சயம்" என்று ஷிம்னாவின் சொல்லையே கடன் வாங்கிச் சொல்லத் தொடங்கினேன். ஓடர்கள் கல்கிசையிலிருந்தும் ஹெந்தளையிலிருந்தும் வந்தன.

ஆனால் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. சிவப்பு இல்லை, மஞ்சள். ஹுசைன் நானா வீட்டில் இடித்து, தகரப் பேணியில் கொண்டுவருகிற சம்பல் கூட்டுத் தூள் ஒன்று உண்டு. எங்கள் சம்பலுக்கு, பருப்புக்கு, கத்தரிக்காய்ப் பிரட்டலுக்கு எல்லாவற்றுக்கும் உயிர் அதுதான். அதில் என்ன இருக்கிறது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. ஷிம்னா கேட்டபோதும், "எல்லாம் நல்ல சாமான்தான் மகள்" என்றதோடு சரி. அதனால் கூட்டுச் சட்டிக்கு மட்டும் அவள் டீ போடவில்லை. வெறும் சட்டியாக விட்டுவிட்டாள். அப்படி விட்டால் புரோகிராம் நிற்காது. 'இதற்குள் என்னவென்று எனக்குத் தெரியாது, உன் பொறுப்பு' என்று மஞ்சளில் முணுமுணுத்துக்கொண்டு ஓடும்.

மற்றவர்களாக இருந்தால் மஞ்சளைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "வெறும் சட்டி ஒண்டு நடுவில நிண்டா, சுத்தி ஈக்கிற எல்லாச் சட்டிட வாக்கும் பொய் அன்டி" என்பாள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் பட்டது.

அப்போதுதான் நவரத்தினம் அண்ணையின் ஓடர் வந்தது. எங்கள் ஒழுங்கையின் மேல் முனையில் இருப்பவர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி செல்வமலர் அக்கா காலமாகி முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியமும் மதிய போசனமும் ஞாயிற்றுக்கிழமை. அக்கா பிறந்ததிலிருந்து மச்சம் தொடாதவர். எங்கள் சம்பல் என்றால் அவருக்கு உயிர். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு போத்தல் வாங்குவார்.

"வேற என்ன வைச்சாலும் பரவாயில்லை கௌரி. அவவின்ர படையல் இலையிலை அந்தச் சம்பல் இருக்கவேணும்" என்றார் அண்ணை. நான் அடித்துச் சொன்னேன், ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம், எங்கட மரக்கறி மரக்கறிதான் என்று.

சனிக்கிழமை காலை. அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது, ஹுசைன் நானா பேணியைத் திறந்து கையில் வைத்திருந்தார். ஷிம்னா எழுந்து போய் அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

"வாப்பா, இண்டைக்கி செல்லுங்க. கூட்டுக்குள்ள என்ன ஈக்கி?"

"ஏன் மகள், இத்தின வருசமா சாப்புடுறதானே?"

"நான் சாப்புடுறன். நாளைக்கி அந்தப் பெரிய மனிசிட இலைக்கி வெக்கிறாங்க. என்னண்டு தெரியாம நான் மரக்கறிண்டு செல்லேலா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேணியைப் பார்த்தார். "கொத்தமல்லி, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறுவா... புறகு கொஞ்சம் மாசி, வறுத்து இடிச்சது."

"மாசியோ? நானா, நான் முதல் நாளே சொன்னனான், மரக்கறி ஓடருக்கு மீன் கூடாது, இறைச்சி கூடாது, முட்டை கூடாது எண்டு!"

"நான் மீன் போடல்லயே தங்கச்சி." அவர் முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "அல்லாஹ் மேல ஆணை, ஒரு நாளும் மரக்கறிச் சட்டிக்கு நான் மீன் போட்டதில்ல. மாசி மீனா? அது வாசத்துக்குப் போடுறது. உப்பு மாதிரி."

இந்த ஊரில் இதை நம்புகிறவர் அவர் ஒருவரா? மரக்கறி றொட்டிக்குச் சம்பல் கேட்டால் மாசியோடுதான் தருவார்கள். மாசி போட்ட பருப்பை மரக்கறி என்று விற்கிற கடை எத்தனை. கடலில் நீந்தியது, காய்ந்து கட்டையாகி, இடிபட்டுத் தூளானதும் அதன் சாதி மாறிவிட்டதாம். கோபம் ஒரு பக்கம், மறுபக்கம் மரக்கறி என்று நம்பி நான் இதைச் சாப்பிட்ட வெள்ளிக்கிழமைகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவற்றை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

ஷிம்னா மேசைக்குப் போய், கூட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் கோண அடைப்புக்குறி போட்டு, நடுவில் மச்சம் என்று எழுதினாள். மஞ்சள் கோடு மறைந்தது. அடுத்த மூச்சில் திரை முழுக்கச் சிவப்பு. சம்பல் சிவப்பு, பருப்பு சிவப்பு, கத்தரிக்காய் சிவப்பு, நவரத்தினம் அண்ணையின் ஓடர் தலை முதல் கால் வரை சிவப்பு. நாங்கள் மரக்கறி என்று அனுப்பிய எல்லாமே எங்களைப் பார்த்துக் கையை நீட்டின.

ஹுசைன் நானா வந்து மகளின் தோளுக்கு மேலால் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. சிவப்புப் புரியும். அவர் பேணியை மெதுவாக மூடிக் கீழே வைத்தார். இந்தக் கையில்தான் அவர் பெயர் இருந்தது, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைவரை. அந்தப் பெயர் இப்போது போகப்போகிறது என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

நான் உடனே கணக்குப் போட்டேன். "சரி, நடந்தது நடந்து போச்சு. இண்டைக்கு மாசி இல்லாமல் புதுசாய்ச் செய்வம். நாளைக்கு இலையிலை சுத்தமான சம்பல்தான் போகும். பழசை ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. செத்த மனுசியின்ர பேரிலை ஏன் இதைக் கிளறுவான்?"

"அன்டி, நீங்க இப்ப செல்லுறது வெறும் சட்டி" என்றாள் ஷிம்னா.

எனக்குச் சுரீர் என்றது. சின்னப் பிள்ளை, என் கூடத்தில் நின்று என்னைச் சொல்கிறாள். திருப்பிக் கொடுக்க வாயெடுத்தேன். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

ஹுசைன் நானா திரையைக் காட்டிக் கேட்டார்: "மகள், அப்ப என்ட பேருக்கும் இதில செவப்புக் கோடுதானா?"

"இல்ல வாப்பா. மச்சமுண்டு எழுதினது பிழையில்ல. பாருங்க, கூட்டுச் சட்டியில ஒரு கோடும் இல்ல. செல்லாம மரக்கறிக்குள்ள போட்டதுதான் செவப்பு. செல்லிட்டா செவப்பு வராது."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

அவர் அடுப்பை அணைத்தார். அந்த வெங்காயச் சட்டியைத் தள்ளி வைத்து, கடையிலிருந்து புதுச் சட்டி ஒன்று வாங்கிவந்து மறுபடியும் தொடங்கினார். மாசி இல்லாத சம்பலுக்கு ருசி எங்கிருந்து வரும்? வெங்காயத்தைக் கறுக்கும்வரை வதக்கினார், புளியைக் கூட்டினார், தேங்காயை வறுத்து இடித்துப் போட்டார், ருசி பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் போட்டார். ஷிம்னா மரக்கறிச் சாப்பாடுகளிலிருந்து பழைய கூட்டை நீக்கி, வரிக்கு வரி சிவப்பை எடுத்தாள். மதியம் தாண்டியபோது திரை சுத்தமாக இருந்தது.

ஞாயிறு காலை சாப்பாட்டை ஏற்றிய ஓட்டோவில் நானா தானே ஏறினார். அப்படி அவர் போவதில்லை. ஷிம்னாவும் நானும் பின்னால் நடந்தோம். வீட்டு வாசலில் நவரத்தினம் அண்ணை வேட்டியோடு நின்றார். உள்ளே ஐயர் மந்திரம் சொல்லும் சத்தம். நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அண்ணே, படையலுக்கு முந்தி ஒண்டு செல்லணும். அக்கா எங்கள்ட்ட வாங்கின சம்பல்ல மாசி ஈந்த. நான் அத மச்சமுண்டு நெனச்சதே இல்ல. நேத்துத்தான் என்ட மகள் வெளங்கப்படுத்தின. இண்டைக்கி வந்தீக்கிறதில ஒண்டும் இல்ல, புதுச் சட்டி. நீங்க வேணாமுண்டா எல்லாத்தயும் திருப்பிக் கொண்டு போறன். என்ன ஏசினாலும் ஏசுங்க."

அண்ணையின் முகம் இறுகியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மந்திரம் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது.

"இண்டைக்கு இதிலை இல்லை எண்டது நிச்சயமோ?"

பதில் நானாவிடமிருந்து வரவில்லை, ஷிம்னாவிடமிருந்து வந்தது. "நிச்சயம் அங்கிள்."

"அப்ப உள்ளுக்குக் கொண்டுவாங்கோ" என்றார். சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது ஹுசைன் நானா ஓட்டோவில் ஏறாமல் நடந்தே வந்தார். ஷிம்னா அவர் கையைப் பிடித்திருந்தாள்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ஓடர்கள் சில வரவில்லை. நான்தான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எடுத்துச் சொன்னேன், வாங்கியும் கட்டிக்கொண்டேன். வாய் எதற்கு இருக்கிறது? கூட்டுக்கு இப்போது இரண்டு பேணி. ஒன்றின் மூடியில் மரக்கறி, மற்றதில் மச்சம். எழுத்து ஹுசைன் நானாவுடையது, தமிழிலும் சிங்களத்திலும். ஷிம்னாவின் திரையில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. கூட்டுச் சட்டிக்கும் டீ வந்துவிட்டது.

ஒரு மாதம் கழிந்திருக்கும். சனிக்கிழமை, ஷிம்னாவும் இருந்தாள். நவரத்தினம் அண்ணை வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். நான் பதறிப்போய்க் கதிரையைத் தூக்கி வைத்தேன். அவர் இருக்கவில்லை.

"கௌரி, ஒரு போத்தல் சம்பல் வேணும்."

"மரக்கறிதானே அண்ணை, இப்பவே போட்டுத் தாறன்."

"இல்லை. மற்றது." மச்சப் பேணியைக் காட்டினார். "அண்டைக்கு இலையிலை வைச்சது நல்ல சம்பல்தான், பிழை சொல்லேல்லை. ஆனால் அது அவவின்ர சம்பல் இல்லை. நான் மீன் சாப்பிடுறனான்தானே, எனக்கென்ன. வீட்டுக்குள்ள அந்த மணம் வரவேணும் எண்டு இருக்கு."

அடுப்பில் நின்ற ஹுசைன் நானா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, தானே மச்சப் பேணியைத் திறந்தார். சம்பல் செய்து முடிக்கும்வரை அண்ணை நின்றுகொண்டே இருந்தார். போத்தலில் அடைத்து நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"மூடியிலை எழுதித் தாங்கோ, மச்சம் எண்டு" என்றார். "ஒளிக்கத் தேவையில்லை. அவ ஆசையாச் சாப்பிட்டது அதுதானே."

ஷிம்னா போத்தலை வாப்பாவிடமிருந்து வாங்கி, மூடியில் எழுதிக் கொடுத்தாள்.